குன்னூரில் ஒரு டோர்னமென்ட் போக்கர்காரன்: என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் தம்பிக்குத் தொழில் போக்கர் டோர்னமென்ட். அவனுடைய வரவு செலவு நோட்டும் வரிக் கணக்கும் என் பொறுப்பு. வண்டிச்சோலையில் எங்கள் தெருக்காரர்கள், கோத்தகிரி சொந்தக்காரர்கள், அவனோடு படித்தவர்கள், அவர்களுடைய அம்மாக்கள் என்று கேட்காத ஆள் இல்லை. அவனைக் கேட்டால் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவான், அதனால் எல்லாரும் என்னிடம்தான் வருகிறார்கள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். பணம் பற்றிய பதில்கள் கொஞ்சம் நீளும். எனக்கு நன்றாகத் தெரிந்த பக்கம் அதுதான்.

"ஏங்க்கா, போக்கர்ங்கறது நம்ம மூணு சீட்டுதானே?"

சொந்தம் என்று சொல்லலாம், ஒன்றே இல்லை. அவன் ஆடுவது டெக்சாஸ் ஹோல்டம். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கும்: முதலில் மூன்று, அப்புறம் ஒன்று, கடைசியாக ஒன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தை வைத்துத்தான் கை. ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் கட்டலாம், ஏற்றலாம், போட்டுவிட்டு விலகலாம்.

மூன்று சீட்டில் எதிராளியைப் பற்றி யோசிக்கத் தகவல் மிகக் குறைவு. இதில் நான்கு சுற்று பந்தயம் நடக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் எதிராளி ஏதோ ஒன்றைச் சொல்லிவிடுகிறார். நல்ல சீட்டே இல்லாமல் அவரை விலக வைத்தும் ஜெயிக்கலாம். தம்பி செய்யும் வேலையில் பெரும்பகுதி விலகுவதுதான். பத்துக் கை வந்தால் ஏழு எட்டைத் தூக்கிப் போட்டுவிடுவான். பார்ப்பதற்கு இதைவிட அலுப்பான விளையாட்டு கிடையாது.

"தோத்துட்டா வீட்டை வித்து ஆடுவாங்கன்னு சொல்றாங்களே, பயமா இல்லையா?"

அப்படி ஆகக்கூடியது பணத்தை நேரே மேசையில் வைத்து ஆடும் ஆட்டம், கேஷ் கேம் என்பார்கள். அதில் சட்டைப்பையில் கைவிட்டுக்கொண்டே இருக்கலாம். டோர்னமென்ட்டில் நுழைவுத்தொகை ஒன்று உண்டு, பை-இன் என்பார்கள். அதைக் கட்டினால் எல்லாருக்கும் ஒரே அளவு சிப் தருவார்கள். அந்தச் சிப்புக்கு வெளியே மதிப்பு கிடையாது. தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான். சில போட்டிகளில் மறுபடி பணம் கட்டி நுழையலாம். அதற்கும் எத்தனை தடவை என்று தம்பி முன்கூட்டியே என்னிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆட்டம் முடிவில்லாமல் இழுக்காமல் இருக்க, கட்டாயப் பந்தயமான பிளைண்ட்ஸ் குறிப்பிட்ட நேரத்துக்கு ஒருமுறை ஏறும். சும்மா உட்கார்ந்திருந்தாலே சிப் கரையும். கடைசியில் ஒருவரிடம் எல்லாச் சிப்பும் சேரும் வரை நடக்கும். பரிசு முதல் ஆளுக்கு மட்டும் இல்லை. பெரும்பாலும் வந்தவர்களில் பத்து முதல் பதினைந்து சதவீதம் பேருக்கு உண்டு. ஆனால் மேலே போகப் போகச் செங்குத்தாக ஏறும்.

"என்ன இருந்தாலும் அதிர்ஷ்டம்தானே?"

ஒரு கையில், ஆமாம். ஒரு நாளிலும் ஆமாம் என்றே சொல்வேன். 52 சீட்டில் இரண்டு சீட்டுச் சேர்க்கைகள் 1,326. அதில் இரண்டு ஏஸ் வருவது 221 தடவைக்கு ஒன்று. அப்படி வந்து, எதிராளியிடம் இரண்டு ராஜா இருந்து, இருவரும் மொத்தச் சிப்பையும் தள்ளினால் ஏஸ் ஜெயிப்பது நூற்றுக்கு ஏறக்குறைய 82. மீதி 18 தடவை, எல்லாம் சரியாகச் செய்தவன் பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறான்.

திறமை எங்கே தெரிகிறது என்றால், அந்த 82 பக்கம் நிற்கும் சந்தர்ப்பங்களை அடிக்கடி உண்டாக்கிக்கொள்வதிலும், 18 பக்கம் நிற்கும்போது சிறிய தொகையோடு தப்பிப்பதிலும். இது கண்ணுக்குத் தெரிய நிறைய போட்டிகள் வேண்டும், நூறு இருநூறு போதாது. ஆயிரக்கணக்கானோர் நுழையும் போட்டிகளை மட்டும் ஆடும் ஒருவர், உண்மையிலேயே நல்ல ஆட்டக்காரராக இருந்தும், வருடக்கணக்கில் நஷ்டத்தில் இருக்கலாம். அதைவிடத் தொந்தரவு, சுமாரான ஆட்டக்காரர் ஒருவர் அதே காலத்தில் லாபத்தில் இருந்துகொண்டு தன்னைப் பெரிய ஆள் என்று நினைப்பது. யார் யார் என்று பார்த்துச் சொல்ல முடியாது. அவர்களுக்கே தெரியாது.

"சரி, மாசம் எவ்வளவு வரும்?"

மாசம் என்ற கணக்கே இல்லை. நல்ல ஆட்டக்காரரும் ஆறு போட்டி ஆடினால் ஐந்தில் வெறுங்கையோடு வருவார். ஆறாவதிலும் பெரும்பாலும் கட்டியதைப் போல இரண்டு மடங்குக்குள்தான். ஒரு வருட வருமானம் என்பது இரண்டு மூன்று இறுதி மேசைகளில் (போட்டியில் கடைசிச் சிலர் மட்டும் மிஞ்சி உட்காரும் மேசை) இருந்து வருவது. அவை பிப்ரவரியில் வரலாம், டிசம்பரில் வரலாம், அந்த வருடம் வராமலே போகலாம்.

பச்சைத் தேயிலை கொடுக்கும் வீடுகளுக்கு இதைப் புரியவைப்பது சுலபம்: கிலோவுக்கு என்ன விலை என்று பறித்துக் கொடுத்த பிறகுதானே தெரிகிறது. ஆனால் இலைக்கு ஏதோ ஒரு விலையாவது வரும். இங்கே ஐந்து மாதம் பறித்த இலைக்கு ஒன்றுமே வராமல், ஆறாவது மாதம் மொத்தமாக வரும். அதனால் தம்பிக்கு இரண்டு கணக்கு வைத்திருக்கிறேன். ஒன்று ஆட்டப் பணம், இன்னொன்று வீட்டுப் பணம். முதல் கணக்கில் சராசரி நுழைவுத்தொகையைப் போல நூறு மடங்காவது இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பலரும் சொல்லும் அடிப்படை அளவு. பெரிய கூட்டம் சேரும் போட்டிகளுக்கு அதுவும் போதாது. அது குறைந்தால் சின்னப் போட்டிக்கு இறங்க வேண்டும். கௌரவம் பார்த்து இறங்காதவர்கள்தான் சீக்கிரம் காணாமல் போகிறார்கள்.

"பேப்பர்ல இத்தனை கோடி ஜெயிச்சார்னு போடறாங்களே, அதெல்லாம் பொய்யா?"

பொய் இல்லை, பாதிக் கணக்கு. 2003-ல் அமெரிக்காவில் டென்னசியைச் சேர்ந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், இணையத்தில் சிறு தொகை கட்டி ஆடிய தகுதிப் போட்டி வழியாக லாஸ் வேகாஸில் நடக்கும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போய், 839 பேரில் முதலாவதாக வந்து 25 லட்சம் டாலர் வாங்கினார். உலகம் முழுக்க இளைஞர்கள் இந்த ஆட்டத்துக்குள் விழுந்தது அதற்கப்புறம்தான். இந்தியர்களிலும் உண்டு. நிபுண் ஜாவா 2017-ல் அந்தத் தொடரின் இரண்டு போட்டிகளில் ஜெயித்தார்; ஒன்று ஆதித்ய சுஷாந்தோடு ஜோடி சேர்ந்து. பெங்களூருக்காரர் சந்தோஷ் சுவர்ணா 2024-ல் இரண்டரை லட்சம் டாலர் நுழைவுத்தொகைப் போட்டியில் முதலாவதாக வந்து 54 லட்சம் டாலர் வாங்கினார்.

இப்போது மற்ற பாதியைப் பாருங்கள். 2024 முதன்மைப் போட்டியில் 10,112 நுழைவுகள், தலைக்கு 10,000 டாலர். அதில் 700 டாலர் நடத்துபவர்களுக்கு, 9,300 பரிசுக்கு. பரிசு வாங்கியவர்கள் 1,517. கடைசிப் பரிசு 15,000 டாலர், முதல் பரிசு ஒரு கோடி டாலர். மீதி 8,595 நுழைவுகளுக்குச் சல்லிக்காசு இல்லை. பேப்பரில் வருவது பரிசுத் தொகை மட்டும். அந்த ஆள் அந்த வருடம் கட்டிய நுழைவுத்தொகைகள், விமானம், அறை, வரி, பங்குதாரருக்குப் போனது எதுவும் வராது. ஒருவர் வாழ்நாளில் இத்தனை கோடி வென்றார் என்று இணையத்தில் பட்டியல் இருப்பதும் இப்படித்தான். வரவுப் பக்கத்தை மட்டும் கிழித்து ஒட்டிய நோட்டு.

"வரி கட்டணுமா? சீட்டாட்டத்துக்குக் கூடவா?"

சீட்டாட்டத்துக்குத்தான் முக்கியமாக. லாட்டரி, சீட்டு விளையாட்டு, பந்தயம் ஆகியவற்றில் வரும் பரிசுக்குத் தனி விகிதம்: 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். உங்கள் வருமானம் எந்தப் படியில் இருந்தாலும் இதே விகிதம்தான். பரிசு 10,000 ரூபாயைத் தாண்டினால் கொடுக்கும்போதே பிடித்துக்கொள்வார்கள்.

வலிக்கிற இடம் விகிதம் இல்லை. இந்த வருமானத்துக்கு எதிராகச் செலவைக் கழிக்க அனுமதி கிடையாது. ஒரு வருட நஷ்டத்தை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. கணக்குக்காக ஒரு கற்பனை வருடம் சொல்கிறேன். நுழைவுத்தொகை 30 லட்சம், பரிசு 36 லட்சம். போட்டதற்கு இருபது சதவீதம் மேலே, நல்ல ஆட்டம். பயணம், அறை 4 லட்சம். கையில் 2 லட்சம் நிற்கிறது. இப்போது 36 லட்சத்துக்கு வரி 11,23,200 ரூபாய். ஆக, நன்றாக ஆடியவருக்கு ஒன்பது லட்சத்துக்கு மேல் நஷ்டம். கையைக் கடிக்காமல் தப்பிக்கவே அதே செலவுக்கு 49 லட்சத்துக்கு மேல் பரிசு வர வேண்டும். நுழைவுத்தொகையைச் 'செலவு' என்று எடுப்பதா என்பதில் ஆடிட்டர்களுக்குள் வாதம் உண்டு. எங்கள் ஆடிட்டர் வாதம் பண்ணுகிற ஆள் இல்லை.

இணையத்தில் ஆடியதற்கு மட்டும் 2023 ஏப்ரலிலிருந்து வேறு முறை வந்தது. வருடம் முழுக்கப் போட்டது, எடுத்தது பார்த்து நிகர வெற்றிக்கு 30 சதவீதம். இது நியாயமான முறை. ஆனால் அந்த வழியே இப்போது மூடிவிட்டது. அது கீழே வருகிறது. அமெரிக்காவில் ஜெயித்தால் இந்தியர்களிடம் அங்கேயே 30 சதவீதம் பிடிப்பார்கள். அதை இங்கே வரிக் கணக்கில் காட்டி ஈடுசெய்துகொள்ளலாம், அதற்குத் தனிப் படிவம் உண்டு. தாளை மட்டும் தொலைக்கக் கூடாது.

"ஆட்டம் இல்லாத நாள்ல என்ன பண்றார்? தூங்கிட்டே இருக்காரே!"

இரவு முழுக்க ஆடியவன் பகலில் தூங்கத்தானே வேண்டும்! மற்ற நேரத்தில் படிக்கிறான். சால்வர் என்று கணினி நிரல்கள் உண்டு. இந்தச் சீட்டு, இத்தனை சிப், எதிராளி இப்படிக் கட்டினார் என்று கொடுத்தால் எந்தக் கையோடு எத்தனை சதவீதம் ஏற்ற வேண்டும், எத்தனை சதவீதம் விலக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் காட்டும். ஆடும்போது அதைத் திறந்து வைத்தால் மோசடி. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் படிக்கலாம். தான் ஆடிய கைகளை எழுதிவைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதுதான் அவனுடைய ஆபீஸ் வேலை.

டோர்னமென்ட்டுக்கென்றே ஒரு கணக்கு உண்டு, ஐசிஎம் என்பார்கள். எனக்கு இந்த ஆட்டத்தில் உண்மையாகவே பிடித்தது இது ஒன்றுதான். மூன்று பேர் மீதி, பரிசு 5 லட்சம், 3 லட்சம், 2 லட்சம் என்று வையுங்கள். ஒருவரிடம் மொத்தச் சிப்பில் பாதி, மற்ற இருவரிடம் கால் கால். பாதிச் சிப் வைத்திருப்பவருக்குப் பத்து லட்சத்தில் பாதி சேரும் என்றுதானே தோன்றும்? சேராது. அவருடைய நிலையின் மதிப்பு சுமார் 3 லட்சத்து 83 ஆயிரம். மற்ற இருவருக்கும் தலா 3 லட்சத்து 8 ஆயிரம். சிப்பை இரட்டிப்பாக்கினால் பணம் இரட்டிப்பாகாது. சிப்பை இழந்தால் மட்டும் எல்லாம் போகும். அதனால்தான் பரிசு வரிசை தொடங்குவதற்குச் சற்று முன்னால், பபுள் என்கிற நேரத்தில், நல்ல கையையே தூக்கிப் போடுவதும் சரியான முடிவாகிறது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு அது கோழைத்தனமாகத் தெரியும்.

மீதி நேரம் நடக்கிறான். சிம்ஸ் பார்க் வரை போய் வருவான். நாளைக்குப் பத்து பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்து, கடைசி மணியிலும் முதல் மணி போலவே யோசிக்க உடம்பு வேண்டும்.

"ஊட்டி குளிர்ல வீட்ல உக்காந்து போன்லயே ஆடலாமே, எதுக்கு அலையணும்?"

முன்னே அப்படித்தான் ஆடினான். ஐப்பசி மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் மலை ரயிலும் நிற்கும், கரண்ட்டும் போகும், நெட்டும் போகும். அதற்காக யுபிஎஸ், இரண்டு கம்பெனி நெட், சார்ஜ் போட்ட போன் எல்லாம் வைத்திருந்தான். இறுதி மேசையில் உட்கார்ந்திருக்கும்போது நெட் போனால் சிப் தானாகக் கரையும், யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

இப்போது முடியாது. கதை கொஞ்சம் நீளம். பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுக்கு 2021-ல் தமிழ்நாடு கொண்டுவந்த தடையை அந்த ஆகஸ்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இதை ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவுக்குப் பின் வந்த அடுத்த சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியல் போட்டது செல்லாது என்றது. 2025-ல் மாநில விதிகள் வந்தன: ஆதார் சரிபார்ப்பு, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக் கூடாது. இரவில் நீளும் டோர்னமென்ட்டுக்கு அதுவே பாதி மரணம். அதையும் 2025 ஜூனில் நீதிமன்றம் சரி என்றது.

பிறகு நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் இணைய விளையாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. 22-ம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியே அதில் இல்லை. பணம் கட்டி பணம் எடுக்கும் இணைய விளையாட்டு எதையும் நடத்தக் கூடாது, விளம்பரம் கூடாது, வங்கிகள் அதற்குப் பணம் அனுப்பக் கூடாது. நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை வைக்கவில்லை. பெரிய தளங்கள் அந்த மாதமே பண ஆட்டத்தை நிறுத்தின. எதிர்த்துப் போட்ட வழக்குகள் செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

"ஊட்டியில குதிரை ஓடுனப்ப ஒண்ணும் சொல்லலையே, இதுக்கு மட்டும் என்ன?"

குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கில்தான். ரம்மி பெரும்பாலும் திறமை என்று 1968-லேயே சொல்லிவிட்டது. போக்கருக்கு அப்படி ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இல்லாததால் ஆளுக்கொரு பக்கம். குஜராத் உயர் நீதிமன்றம் 2017-ல் சூது என்றது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 2024-ல், வெறும் ஊகத்தை வைத்து அனுமதி மறுக்கக் கூடாது, மறுபடி பாருங்கள் என்று அதிகாரிகளிடம் சொன்னது. மேற்கு வங்கத்தின் 1957 சூதாட்டச் சட்டமோ போக்கரைச் சூது என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைத்திருக்கிறது. ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தை 2024 ஜூலையில் அரசு எடுத்துக்கொண்டது குத்தகை பாக்கிக்காக. சூதாட்டத்துக்காக மூடினார்கள் என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை.

என் கருத்தைக் கேட்டால், திறமை இருக்கிறதா என்பது இங்கே தவறான கேள்வி. திறமை இருக்கிற ஆட்டத்தில்தான் திறமை இல்லாதவன் நிச்சயமாகத் தோற்பான். என் தம்பி எடுத்துவரும் பரிசும் தோற்றவர்கள் கட்டிய பணம்தான். இதை அவனிடமும் சொல்லியிருக்கிறேன், அவன் மறுக்கவில்லை.

"அப்ப எங்கதான் போய் ஆடறார்?"

நாட்டுக்குள் என்றால் முக்கியமாகக் கோவா, பணஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கப்பல் கேசினோக்கள். அங்கே கேசினோவுக்கு அந்த மாநிலச் சட்டமே இடம் கொடுக்கிறது. வெளியே என்றால் வியட்நாம், தைவான், தென் கொரியாவின் ஜேஜூ தீவு. கையில் பணம் இருக்கும் வருடம், மே கடைசியிலிருந்து ஜூலை நடுவரை லாஸ் வேகாஸ்.

குன்னூரிலிருந்து விமானம் பிடிப்பது தனி வேலை. கோவையிலிருந்து கிடைத்தால் சரி. பெங்களூர் என்றால் கூடலூர், முதுமலை வழி. பந்திப்பூரில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை வண்டி விடமாட்டார்கள். அதைக் கணக்குப் பண்ணாமல் டிக்கெட் போட்டால் அவ்வளவுதான். முதல் நாளே தோற்றுவிட்டால் திரும்பும் டிக்கெட்டை மாற்றும் பணம் வேறு. நான் பயணச் செலவைப் போடும்போது எப்போதும் இந்த வரியைச் சேர்த்துப் போடுகிறேன்.

"அவர் பணம் இல்லையாம், வேற யாரோ போடறாங்களாமே?"

சில போட்டிகளுக்கு அப்படித்தான். ஸ்டேக்கிங் என்பார்கள். பணம் போடுபவர் பேக்கர். லாபத்தைப் பாதிப் பாதி பிரிப்பது வழக்கம். நஷ்டம் வந்தால் அது மேக்கப் என்று சேர்ந்துகொண்டே போகும். அடுத்து ஜெயிக்கும்போது முதலில் அது அடைய வேண்டும். ஆறு லட்சம் மேக்கப் இருக்கும்போது பத்து லட்சம் ஜெயித்தால், ஆறு பேக்கருக்கு, மீதி நான்கில் ஆளுக்கு இரண்டு.

மேலே சொன்ன வரியை இதோடு சேர்த்துப் பாருங்கள். பத்து லட்சத்துக்கும் வரி ஆடியவன் பெயரில், மூன்று லட்சத்துக்கு மேல். அவன் பங்கோ இரண்டு லட்சம். அதனால் வரி போகத்தான் பங்கு என்று முதலிலேயே எழுதிக்கொள்ளாமல் ஒரு போட்டிக்கும் நான் சம்மதிப்பதில்லை. சிநேகிதத்தில் வாய்ப்பேச்சாகச் செய்த எத்தனையோ ஏற்பாடுகள் இந்த ஒரு இடத்தில்தான் உடைகின்றன.

"நாங்க நாலு பேர் ஆளுக்கு அம்பதாயிரம் போடறோம். ஜெயிச்சா பங்கு குடுங்க, போதும்."

வேண்டாம். பந்தய ஒப்பந்தம் செல்லாது என்று 1872 ஒப்பந்தச் சட்டமே சொல்கிறது. நாளைக்குத் தகராறு வந்தால் நீங்கள் கோர்ட்டுக்குப் போக முடியுமா என்பதே சந்தேகம். அது போக, ஆறில் ஐந்து தடவை உங்கள் பணம் அப்படியே போகும் என்று மேலே சொன்னேன். ஒரே ஊரில் தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள் நாம்.

"டெலிகிராம்ல ஒரு லிங்க் வந்துச்சு, வெளிநாட்டு ஆப், தடை இல்லைங்கறான்…"

தடை உண்டு. வெளிநாட்டிலிருந்து இங்கே நடத்தினாலும் அதே சட்டம்தான். ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? எதிரே உட்கார்ந்திருப்பது ஆளா, நிரலா என்றும் தெரியாது.

"உங்க தம்பிக்கு இது போதையாகலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

இந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு அம்மா. அவர் மகன் இணைய ரம்மியில் பணம் விட்டவன். மழுப்பாமல் பதில் சொல்கிறேன். தொழிலாக ஆடுபவனுக்குப் போதை வராது என்று கிடையாது. நான் பார்ப்பது சில விஷயங்கள். தோற்ற நாளில் திட்டத்தில் இல்லாத இன்னொரு போட்டிக்குள் நுழைகிறானா? வீட்டுக் கணக்கிலிருந்து ஆட்டக் கணக்குக்குப் பணம் கேட்கிறானா? கடன் வாங்குகிறானா? நோட்டை என்னிடம் காட்டத் தயங்குகிறானா? கடைசியாகச் சொன்னதுதான் முதலில் தெரியும் அறிகுறி. பணத்தைவிட மறைப்பதைக் கவனியுங்கள்.

விட்டதைப் பிடிக்க ஆடுவது என்று ஒன்று தொடங்கிவிட்டால் கணக்கு, திறமை எல்லாம் பேச்சுக்குக்கூட ஆகாது. திட்டி நிறுத்தவும் முடியாது. டெலி மானஸ் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே. அந்த அம்மாவுக்கு அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

"பொண்ணு பாக்கப் போனா மாப்பிள்ளை என்ன வேலைன்னு சொல்லுவீங்க?"

உள்ளதைத்தான். இரண்டு இடத்தில் காபியோடு முடிந்தது. மூன்றாவது இடத்தில் பெண்ணே வரவு செலவு நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டாள்; இப்போது அவள் எங்கள் வீட்டில் இருக்கிறாள். வங்கிதான் இன்னும் கரையவில்லை. வீட்டுக் கடன் கேட்டால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். பரிசு வருமானத்தை நிலையான வருமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதில் அவர்கள் சொல்வதும் சரிதான்.

"என் பையன் பிளஸ் டூ முடிச்சிருக்கான், கணக்குல கெட்டி. உங்க தம்பி கத்துக்குடுப்பாரா?"

ஆட்டத்தின் கணக்கைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்லித்தருவான், அதில் அவனுக்கு ஆசை. தொழிலாகச் சொல்லித்தர மாட்டான். அவன் ஏறிய படிக்கட்டு இப்போது இல்லை. ஐம்பது ரூபாய், நூறு ரூபாய் இணையப் போட்டிகளை ஆயிரக்கணக்கில் ஆடித்தான் அவன் கற்றான். தவறு செய்தால் நூறு ரூபாயோடு போயிற்று. இன்று தொடங்கும் பையன் கோவாவுக்குப் போய் ஆயிரக்கணக்கில் கட்டி அதே தவறுகளைச் செய்ய வேண்டும். திறமை தெரிய எத்தனை போட்டி வேண்டும் என்று அதிர்ஷ்டக் கேள்வியில் சொன்னேன் இல்லையா? நேரில் மட்டும் ஆடினால் வருடத்துக்கு ஐம்பது போட்டி ஆடுவதே பெரிய விஷயம். தனக்கு இது வருமா வராதா என்று தெரிந்துகொள்ளவே வயது போய்விடும்.

கணக்கில் கெட்டி என்றால் புள்ளியியல் படிக்க வையுங்கள். நிகழ்தகவை வைத்து முடிவெடுப்பவர்களுக்குக் காப்பீட்டுக் கம்பெனி மாதச் சம்பளம் கொடுக்கிறது, பிஎஃப்போடு.

"சட்டம் வந்தப்புறம் உங்க தம்பி என்னதான் பண்றான் இப்ப?"

வருடத்துக்குச் சில பயணம், முன்னைவிடக் குறைவு, ஒவ்வொன்றும் முன்கூட்டியே கணக்குப் போட்டு. நடுவில் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள் சிலருக்கு வீடியோவில் பயிற்சி கொடுக்கிறான். அது மணிக்கு இவ்வளவு என்று வரும் பணம். அதற்குச் செலவைக் கழித்து வரி கட்டலாம். போன வருட நோட்டில் அந்த வரவு, பரிசு வரவைத் தாண்டிவிட்டது. அவனுக்கு அதில் கொஞ்சம் வருத்தம், எனக்கு இல்லை. அடுத்த பயணம் கோவா. அறைக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை.